இணையவழி வருமான வரித் தாக்கல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன் நான். பட்டயக் கணக்காளன் அல்லன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் நடுவில் படிவம் 16 (சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் சான்று) கைக்கு வந்தது முதல் தாக்கலுக்கான கடைசித் தேதி வரை ஆசிரியர்களும், ஓய்வு பெற்றவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் என் மேசைக்கு வந்து கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எழுதிப் பதிலும் வைத்திருக்கிறேன். வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில் தொகைகளும் தேதிகளும் 2024–25 நிதியாண்டில் ஈட்டிய வருமானத்துக்கு உரியவை.

1. சம்பளத்திலேயே வரி பிடித்துவிட்டார்களே, பிறகு நான் எதற்குத் தாக்கல் செய்ய வேண்டும்?

சம்பளத்தில் பிடித்தது உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட தொகை. கணக்கு அதனோடு முடிவதில்லை. உங்கள் சேமிப்புக் கணக்கு வட்டி, வைப்பு நிதி வட்டி, வாடகை, பங்கு விற்ற லாபம் ஆகியவற்றைப் பற்றிப் பள்ளிக்கோ நிறுவனத்துக்கோ எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து, ஆண்டு முழுவதற்குமான வரி இவ்வளவு, ஏற்கெனவே கட்டியது இவ்வளவு, மீதி கட்ட வேண்டியது அல்லது திரும்பப் பெற வேண்டியது இவ்வளவு என்று நீங்களே கையொப்பமிட்டுக் கொடுக்கும் கணக்குதான் ஐடிஆர். அதிகமாகப் பிடிக்கப்பட்ட பணம் இந்தக் கணக்கைக் கொடுக்காமல் திரும்பி வராது.

2. 7 லட்சம் வரை வரியே இல்லை என்கிறார்கள். அப்படியானால் எனக்குத் தாக்கல் வேண்டாம்தானே?

வரி இல்லாமல் இருப்பதும் தாக்கல் தேவைப்படாமல் இருப்பதும் ஒன்றல்ல. என் மேசைக்கு வரும் குழப்பங்களில் இதுதான் முதலிடம் பெறும். பழையது, புதியது என இரண்டு வரி முறைகள் உண்டு (எட்டாம் பதிலைப் பாருங்கள்). புதிய வரி முறையில் அடிப்படை விலக்கு 3 லட்சம் ரூபாய். 7 லட்சம் வரை வரி பூஜ்யமாவது 87ஏ பிரிவின் தள்ளுபடியால். அந்தத் தள்ளுபடியைக் கணக்கில் காட்டித்தான் பெற முடியும். ஆகவே கழிவுகளுக்கு முந்தைய வருமானம் 3 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் கட்டாயம். 2025–26 நிதியாண்டு வருமானத்துக்கு இந்த அடிப்படை விலக்கு 4 லட்சமாகவும், தள்ளுபடியால் வரி பூஜ்யமாகும் எல்லை 12 லட்சமாகவும் உயர்ந்திருக்கின்றன, தத்துவம் மாறவில்லை.

வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் சிலருக்குக் கடமை உண்டு. ஆண்டு மின் கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டியவர், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவிட்டவர், பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டிடிஎஸ் 25,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கப்பட்டவர் (60 வயதுக்கு மேற்பட்டோருக்கு 50,000) ஆகியோர் அவர்களில் அடங்குவர். இதற்கு மாறாக, 75 வயதைக் கடந்து, ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியிலிருந்து மட்டுமே பெறுபவர், குறிப்பிட்ட அந்த வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிட்டால் வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துக்கொள்ளும். அவர் தாக்கல் செய்ய வேண்டியதில்லை.

3. நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. பணம் ஈட்டிய ஆண்டு நிதியாண்டு. அதற்குக் கணக்குக் கொடுக்கும் அடுத்த ஆண்டு மதிப்பீட்டு ஆண்டு. 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை ஈட்டியதற்கு மதிப்பீட்டு ஆண்டு 2025–26. தாக்கல் செய்யும் வருமான வரித் துறை இணையதளம் கேட்பது பெரும்பாலும் மதிப்பீட்டு ஆண்டையே. இதில் ஓர் ஆண்டு தவறினால் கட்டிய வரி வேறு ஆண்டின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். பதினோராம் பதிலில் இதைப் பற்றி மேலும் சொல்லியிருக்கிறேன்.

4. கணினி முன் உட்காருவதற்கு முன் என்னென்ன எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்?

பான், அதனுடன் இணைக்கப்பட்ட ஆதார், ஆதாரில் பதிவான கைப்பேசி ஆகிய மூன்றும் முதலில் வேண்டும். அடுத்து படிவம் 16, எல்லா வங்கிகளின் மற்றும் அஞ்சலகத்தின் வட்டிச் சான்றுகள், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவராக இருந்தால் காப்பீடு, வீட்டுக் கடன், பள்ளிக் கட்டண ரசீதுகள். இணையதளத்தில் நுழைந்த பிறகு 26ஏஎஸ், ஏஐஎஸ் என்னும் இரண்டு அறிக்கைகளையும் இறக்கிக்கொள்ள வேண்டும். முதலாவது உங்கள் பெயரில் பிடிக்கப்பட்ட, கட்டப்பட்ட வரியின் பட்டியல். இரண்டாவது வங்கி, அஞ்சலகம், பங்குத் தரகர், பதிவு அலுவலகம் போன்றவை உங்களைப் பற்றித் துறைக்குத் தெரிவித்தவற்றின் தொகுப்பு. ஏஐஎஸ் கோப்பைத் திறப்பதற்கான கடவுச்சொல், சிறிய எழுத்துகளில் பான், அதையடுத்து இடைவெளியின்றி நாள், மாதம், ஆண்டு என எட்டு இலக்கத்தில் பிறந்த தேதி.

பானும் ஆதாரும் இணைக்கப்படாதிருந்தால் பான் செயலற்றதாகிவிடும். இணைப்பதற்கான கெடு 2023 ஜூன் 30-இல் முடிந்தது. அதன் பிறகு 1,000 ரூபாய் கட்டி இணைக்கலாம் என்றாலும், இணைக்கும் வரை ரீஃபண்ட் வராது, டிடிஎஸ்ஸும் கூடுதல் விகிதத்தில் பிடிக்கப்படும்.

5. இத்தனை வருடம் ஆடிட்டர்தான் பார்த்தார். இப்போது நானே நுழையப் போனால் ஓடிபி அவருடைய போனுக்குப் போகிறதே?

பத்தில் மூன்று பேருக்காவது இந்த நிலைதான். கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் வசதிக்காகத் தம்முடைய கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்துவிடுவார். துறையின் கடிதங்கள் எல்லாம் அவருக்கே போகும். எங்கள் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு வந்த நோட்டீஸ் பதினான்கு மாதங்கள் எவரும் திறக்காத மின்னஞ்சல் பெட்டி ஒன்றில் கிடந்தது. அந்தப் பெட்டியை உருவாக்கியவர் அதற்குள் கடையை மூடிவிட்டு ஊர் மாறியிருந்தார்.

நுழைவுப் பக்கத்தில் பானை இட்டு, கடவுச்சொல் மறந்துவிட்டது என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆதார் ஓடிபி வழியைக் கேளுங்கள். ஓடிபி ஆதாரில் உள்ள உங்கள் எண்ணுக்கு வரும். புதிய கடவுச்சொல் அமைத்து உள்ளே சென்றதும், வேறு எதையும் தொடுவதற்கு முன், சுயவிவரப் பக்கத்தில் கைப்பேசியையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றுங்கள். வேலையை ஆடிட்டரிடம் தொடர்ந்து கொடுப்பதில் தவறில்லை. சாவி உங்களிடம் இருக்கட்டும்.

6. ஐடிஆர் 1, 2, 3, 4 என்று இருக்கிறதே, எனக்கு எது?

சம்பளம் அல்லது ஓய்வூதியம், ஒரு வீடு, வட்டி போன்ற பிற வருமானம், 5,000 ரூபாய்க்கு மிகாத வேளாண் வருமானம் இவை மட்டும் இருந்து, மொத்தம் 50 லட்சத்துக்குள் அடங்கினால், இந்தியாவில் வசிப்பவருக்கு ‘சஹஜ்’ எனப்படும் ஐடிஆர் 1 போதும். பட்டியலிட்ட பங்கு, பங்குசார் பரஸ்பர நிதி ஆகியவற்றின் நீண்டகால லாபம் 1.25 லட்சத்துக்குள் இருந்தால் அதையும் 2025–26 மதிப்பீட்டு ஆண்டு முதல் இதிலேயே காட்டலாம்.

வீடு, மனை, நகை விற்றவர், குறுகிய காலப் பங்கு லாபம் உள்ளவர், வெளிநாட்டுச் சொத்து வைத்திருப்பவர், நிறுவன இயக்குநர், வெளிநாடுவாழ் இந்தியர் ஆகியோருக்கு ஐடிஆர் 2. தொழில் செய்து கணக்குப் புத்தகம் வைத்திருப்பவருக்கு ஐடிஆர் 3. பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ (எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்கள்) வணிகம் செய்பவரும் இதில்தான் வருவார், நஷ்டமே ஆகியிருந்தாலும். விற்றுமுதலில் ஒரு விகிதத்தை லாபமாக ஒப்புக்கொள்ளும் சிறு வணிகருக்கு ‘சுகம்’ எனப்படும் ஐடிஆர் 4. பொருந்தாத படிவத்தில் கொடுத்தால் குறையுள்ள தாக்கல் என்று நோட்டீஸ் வரும். அதைச் சரிசெய்ய 15 நாட்கள் தருவார்கள்.

7. உள்ளே போனால் எல்லாம் ஏற்கெனவே நிரப்பியே இருக்கிறது. அப்படியே சரி கொடுத்துவிடலாமா சார்?

கூடாது. ஐடிஆர் 1-இல் சொந்த விவரம், மொத்த வருமானம், கழிவுகள், கட்டிய வரி, கட்ட வேண்டிய வரி என ஐந்து பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து உறுதி செய்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். பலரும் உறுதி செய்யும் பொத்தானை ஐந்து முறை அழுத்திவிட்டு எழுந்துவிடுகிறார்கள். முன்கூட்டி நிரப்பப்பட்டவை மற்றவர்கள் கொடுத்த தகவல்கள். அவை சரி என்று கையொப்பமிடுபவர் நீங்கள்.

நான் கண்ட விடுபடல்களில் அதிகம் வருவது சேமிப்புக் கணக்கு வட்டி. 1,840 ரூபாய் என்று சிறு தொகையாக இருப்பதால் எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நான்கு வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவருக்கு அது கூடிவிடும். மூடிய வங்கிக் கணக்கு ரீஃபண்டுக்கான கணக்காகக் குறிக்கப்பட்டிருப்பதும் அடிக்கடி நடக்கிறது. படிவம் 16-ஐயும் பாஸ்புக்குகளையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, வரிவரியாக டிக் அடித்துப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

8. பழைய முறை நல்லதா, புதிய முறை நல்லதா?

ஆளுக்கு ஆள் மாறும். எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறையே தானாக எடுத்துக்கொள்ளப்படும். அதில் விகிதம் குறைவு, நிலைக் கழிவு (சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் ரசீது இல்லாமலே கழிக்கப்படும் தொகை) 75,000. ஆனால் 80சி (ஆயுள் காப்பீடு, சேமிப்பு போன்றவை), 80டி (மருத்துவக் காப்பீடு), வீட்டு வாடகைப் படி விலக்கு போன்றவை கிடையா. பழையதில் நிலைக் கழிவு 50,000. மற்றக் கழிவுகள் உண்டு.

66 வயதான ஆசிரியை ஒருவருக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கைத் தருகிறேன். ஓய்வூதியம் 6,60,000, வைப்பு நிதி வட்டி 90,000. புதிய முறையில் நிலைக் கழிவு போக 6,75,000. 7 லட்சத்துக்குள் என்பதால் வரி இல்லை. பழைய முறையில் நிலைக் கழிவு, முதியோருக்கான 50,000 வட்டிக் கழிவு, 80சி-யில் 50,000, மருத்துவக் காப்பீடு 25,000 எல்லாம் போக 5,75,000. செஸ் என்னும் நான்கு சதவீதக் கூடுதலுடன் வரி 26,000 ரூபாய். இவர் வரி மிச்சமாகும் என்று நம்பி ஆண்டுதோறும் 50,000 ரூபாயைக் காப்பீட்டுத் திட்டமொன்றில் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய வீட்டுக் கடன் வட்டியும் அதிக வாடகையும் உள்ள சிலருக்குப் பழையதே லாபமாக வருவதுண்டு. இணையதளத்தின் கணிப்பானில் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தொழில் வருமானம் இல்லாதவர் ஒவ்வோர் ஆண்டும் மாற்றித் தேர்ந்தெடுக்கலாம், அதைப் படிவத்திலேயே குறித்தால் போதும். ஆனால் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் பழையதைக் கேட்க முடியும். தொழில் வருமானம் உள்ளவர் 10-ஐஇஏ என்னும் தனிப் படிவம் கொடுக்க வேண்டும். ஒருமுறை பழையதற்குப் போய்ப் புதியதற்குத் திரும்பியவர், தொழில் வருமானம் இருக்கும் வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது.

9. வங்கிக்காரர்கள் வட்டியில் பத்து சதவீதம் பிடித்துவிட்டார்கள். அதோடு அந்த வட்டிக்கு வரி முடிந்ததா?

முடியவில்லை. வட்டி முழுவதும் உங்கள் வருமானத்தோடு சேரும். உங்கள் விகிதம் 20 சதவீதமானால் மீதியை நீங்கள் கட்ட வேண்டும், வரியே வராதவரானால் பிடித்தது திரும்ப வரும். மேலே சொன்ன ஆசிரியைக்கு 90,000 ரூபாய் வட்டியில் 9,000 பிடித்திருந்தார்கள். தாக்கல் செய்து திரும்பப் பெற்றார். ஏப்ரலிலேயே வங்கியில் 15எச் படிவம் கொடுத்திருந்தால் பிடித்திருக்கவே மாட்டார்கள். 60 வயதுக்கு உட்பட்டவருக்கு 15ஜி. ஆண்டு வரி பூஜ்யமாக வருபவர் மட்டுமே இவற்றைக் கொடுக்கலாம்; 15ஜி கொடுப்பவரின் மொத்த வட்டியும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டக் கூடாது.

10. எல்.ஐ.சி. ரசீதையெல்லாம் எங்கே இணைப்பது?

எங்கும் இணைக்க வேண்டாம். ஐடிஆருடன் எந்த ஆவணமும் போவதில்லை. கேட்கும்போது காட்டுவதற்காகப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் 2025–26 மதிப்பீட்டு ஆண்டு முதல், கழிவு கோருபவர் பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் போன்ற விவரங்களைப் படிவத்திலேயே நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே ரசீதைப் பார்க்காமல் 1,50,000 என்று உத்தேசமாக அடித்துவிடும் பழைய பழக்கம் இனி நடக்காது. நல்லதுதான்.

11. கடைசியில் 4,310 ரூபாய் கட்டச் சொல்கிறது. எப்படிக் கட்டுவது?

தாக்கலுக்கு முன்பே அதே இணையதளத்தின் ‘இ-பே டாக்ஸ்’ பகுதியில் நெட் பேங்கிங், டெபிட் கார்டு, யுபிஐ ஆகியவற்றில் ஒன்றால் கட்டலாம். வங்கிக் கவுன்டரில் கட்டவும் சலான் எடுத்துக்கொள்ளலாம். வகை ‘சுய மதிப்பீட்டு வரி’, அதாவது 300. 2025-இல் கட்டும்போது, மூன்றாம் பதிலில் சொன்னபடி, மதிப்பீட்டு ஆண்டு 2025–26. பலர் இங்கே 2026–27 என்று தேர்ந்தெடுத்துவிட்டு, கட்டியது எங்கே போயிற்று என்று தேடுவார்கள். கட்டியபின் சலானில் உள்ள ஏழு இலக்க பிஎஸ்ஆர் எண் (வங்கிக் கிளையின் குறியீடு), ஐந்து இலக்கச் சலான் எண், தேதி ஆகியவை படிவத்தின் ‘கட்டிய வரி’ பகுதியில் வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். ஆண்டு தவறிவிட்டால் உடனேயே சலான் திருத்தம் கோருங்கள். நாளைக் கடத்தினால் மதிப்பீட்டு அதிகாரிக்கு மனு எழுத நேரிடும்.

12. சப்மிட் கொடுத்துவிட்டேன். வேலை முடிந்ததுதானே?

சரிபார்ப்பு பாக்கி இருக்கிறது. சமர்ப்பித்த 30 நாட்களுக்குள் இ-வெரிஃபை செய்ய வேண்டும். முன்பு 120 நாட்கள் இருந்ததை 2022 ஆகஸ்ட் 1 முதல் குறைத்துவிட்டார்கள். ஆதார் ஓடிபி எல்லாவற்றிலும் எளிது. ஆதாரில் கைப்பேசி இல்லாதவர் நெட் பேங்கிங் வழியாகவோ, முன்பே உறுதி செய்யப்பட்ட வங்கிக் கணக்கின் வழியாகவோ செய்யலாம். எதுவும் முடியாதவர், ஐடிஆர்-வி என்னும் ஒரு பக்க ஒப்புகையை அச்சிட்டு, நீல மையில் கையொப்பமிட்டு, பெங்களூரு 560500 என்ற முகவரியில் உள்ள மையச் செயலாக்க மையத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்பலாம். அது 30 நாட்களுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

முப்பது நாட்கள் தாண்டினால், சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கருதப்படும். கடைசி நாளில் சமர்ப்பித்துவிட்டுச் சரிபார்க்க மறந்தவர், அதனால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டிவரும். சமர்ப்பித்தபின் தவறு கண்ணில் பட்டு, இன்னும் சரிபார்க்கவில்லை என்றால், ‘டிஸ்கார்டு’ கொடுத்து அதை நீக்கிவிட்டு முதலிலிருந்து செய்யலாம்.

13. என்னோடு போட்டவர்களுக்கெல்லாம் ரீஃபண்ட் வந்துவிட்டது, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

முதலில் நிலையைப் பாருங்கள்: சரிபார்ப்பு முடியவில்லையா, செயலாக்கம் முடியவில்லையா, செயலாக்கம் முடிந்தும் வங்கியில் வரவு வைக்க முடியாமல் திரும்பியதா? முதலாவதற்கு மருந்து முந்தைய பதிலில் இருக்கிறது. இரண்டாவதற்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்கள் வரை துறைக்குச் சட்டப்படி அவகாசம் உண்டு, ஆனால் எளிய கணக்குகள் சில நாட்களிலோ வாரங்களிலோ முடிந்துவிடுகின்றன. தாமதமாகும் ரீஃபண்டுக்கு மாதம் அரை சதவீத வட்டி சேரும். ரீஃபண்ட் தொகை உங்கள் மொத்த வரியில் பத்து சதவீதத்துக்கும் குறைவானால் அந்த வட்டி இல்லை.

மூன்றாவது வகையில் காரணம் பெரும்பாலும் பழைய ஐஎஃப்எஸ்சி எண். கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்த பிறகு, அங்கே கணக்கு வைத்திருந்த எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் பழைய எண்ணையே வைத்திருந்து மாட்டிக்கொண்டார்கள். வங்கிக் கணக்கைப் புதிய எண்ணுடன் மறுபடி உறுதி செய்துவிட்டு, ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ கோரிக்கை வைக்க வேண்டும்.

14. பேங்க் கணக்கை உறுதி செய்யப் போனால் பெயர் ஒத்துவரவில்லை என்கிறது. என் பெயர்தானே அது?

தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல் உண்டு. பான் விண்ணப்பமோ குடும்பப் பெயரைக் கேட்கிறது, அதில் இனிஷியலை ஏற்பதில்லை. அதனால் மு. சரவணன் என்பவர் பானில் ‘சரவணன் முத்துசாமி’ ஆகிறார். வங்கியில் ‘சரவணன் எம்’, ஆதாரில் ‘சரவணன்’ மட்டும். மூன்றும் ஒரே ஆள் என்பது ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்குவதுதான் நிரந்தர வழி. என் அனுபவத்தில் வங்கியில் மாற்றுவது எளிது: பான் நகலையும் ஒரு கடிதத்தையும் கொடுத்தால், பானில் உள்ளபடியே பெயரைப் பதிந்து தருகிறார்கள். மாற்றிய பிறகு மறுபடி உறுதி செய்யுங்கள். இதை ஜூலையில் தொடங்காதீர்கள். பிப்ரவரியில் வங்கிக்காரருக்கும் நேரம் இருக்கும், உங்களுக்கும் இருக்கும்.

15. வருட நடுவில் கம்பெனி மாறினேன். இரண்டு பேரும் வரி பிடிக்கவில்லை, இப்போது இணையதளம் 36,920 கட்டு என்கிறதே?

சரியாகத்தான் சொல்கிறது. முதல் நிறுவனம் 4,20,000, இரண்டாவது 5,10,000 கொடுத்ததாகச் சொன்னீர்கள். ஒவ்வொருவரும் தாம் கொடுத்ததை மட்டும் பார்த்து, அதில் 75,000 கழித்து, வரி வரம்புக்குள் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். சேர்த்துப் பார்த்தால் 9,30,000. நிலைக் கழிவு ஒரே ஒரு முறைதான், ஆக 8,55,000. முதல் 3 லட்சத்துக்கு இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000. மீதி 1,55,000-க்குப் பத்து சதவீதம் 15,500. மொத்தம் 35,500, நான்கு சதவீத செஸ் 1,420 சேர்த்து 36,920.

வரி 10,000-த்தைத் தாண்டுவதால், முன்கூட்டி வரி கட்டாததற்கான 234பி, 234சி பிரிவுகளின் வட்டியும் இதற்கு மேல் வரும். புதிய வேலையில் சேர்ந்த வாரத்திலேயே பழைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி-யில் கொடுத்திருந்தால், மாதாமாதம் பிடித்து இந்தச் சுமை தெரியாமலே போயிருக்கும்.

16. ஏஐஎஸ்-இல் எனக்குச் சம்பந்தமே இல்லாத தொகை இருக்கிறது. அதற்கும் நான் வரி கட்ட வேண்டுமா?

சம்பந்தமே இல்லையா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அம்மாவின் பணத்தில் போட்ட கூட்டு வைப்பு நிதியில் உங்கள் பெயர் முதலில் இருந்தால், வட்டி உங்கள் பானில்தான் வரும். ஒரே வட்டி இரண்டு இடத்தில் தெரிவதும் உண்டு: டிடிஎஸ் பிடித்ததாக ஒரு முறை, வங்கி தனியாகத் தெரிவித்ததாக மறுமுறை.

உண்மையிலேயே தவறு என்றால், அந்தப் பதிவுக்கு எதிரே உள்ள பின்னூட்டத்தைத் திறந்து, தகவல் சரியில்லை, இரட்டிப்பு, வேறு பானுக்கு உரியது என்பவற்றில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுங்கள். பின்னூட்டம் கொடுத்துவிட்டு, சரியான தொகையை ஐடிஆரில் காட்டலாம். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரியானதைக் காட்டுபவர் பயப்பட வேண்டியதில்லை.

17. நெல் விற்ற பணத்துக்கு வரி கிடையாதே, அதை எதற்குக் காட்டச் சொல்கிறார்கள்?

வேளாண் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. ஆனால் அது 5,000-த்தைத் தாண்டி, சம்பளம் போன்ற மற்ற வருமானமும் விலக்கு வரம்பைத் தாண்டினால், மற்ற வருமானத்துக்கான விகிதத்தைக் கணக்கிடுவதற்காக மட்டும் இதையும் கூட்டிப் பார்ப்பார்கள். அதனால் சம்பளத்துக்கான வரி சற்று உயரும். 5,000-க்கு மேல் என்றால் ஐடிஆர் 1 செல்லாது. நிகர வேளாண் வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் உள்ள மாவட்டம், பரப்பு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பதையெல்லாம் எழுத வேண்டும்.

18. மகன் ஐடி கம்பெனியில் இருக்கிறான். அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் ஷேர் கொடுத்திருக்கிறார்கள். விற்கவில்லை. காட்ட வேண்டுமா?

விற்காவிட்டாலும் காட்ட வேண்டும். வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் இங்கே வசிப்பவருக்கு ஐடிஆர் 1 மூடப்பட்டுவிடும். ஐடிஆர் 2-இல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். இந்த அட்டவணை நிதியாண்டைப் பின்பற்றுவதில்லை. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றுகிறது. காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. அசையாச் சொத்து தவிர்த்த, மொத்தம் 20 லட்சத்துக்கு மிகாத சொத்துகளுக்கு 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு அளித்திருக்கிறார்கள். காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

19. ஒருவர் எண்பதாயிரம் ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கமிஷன் என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இல்லாத வாடகை, அரசியல் கட்சிக்குக் கொடுக்காத நன்கொடை, எடுக்காத கல்விக் கடன் ஆகியவற்றை எழுதித்தான் அந்தத் தொகை வரவழைக்கப்படுகிறது. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் இத்தகைய இடைத்தரகர்களைச் சோதனையிட்டது. மொத்தமாகத் தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்களை உருவாக்கிப் பிறகு கைவிட்டுவிடுவதும் அவர்களுடைய வழக்கம் என்று துறை அப்போது சொன்னது. ஐந்தாம் பதிலில் சொன்ன ஆபத்தும் இதுவே. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் பொய்க் கோரிக்கைகளைத் தாமாகவே திரும்பப் பெற்றிருந்தார்கள்.

பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கையொப்பமிட்டவர். கமிஷன் வாங்கியவர் அல்லர். வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு, அதனால் குறைந்த வரியைப் போல இரு மடங்கு அபராதம் உண்டு.

20. தவறாகப் போட்டுவிட்டேன், அல்லது தேதியே தாண்டிவிட்டது. இப்போது என்ன வழி?

2025–26 மதிப்பீட்டு ஆண்டுக்கான கடைசித் தேதி ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்கும், இணையதள நெருக்கடியால் மேலும் ஒரு நாள் தள்ளி 16-க்கும் நீட்டிக்கப்பட்டது. அதன் பிறகு 2025 டிசம்பர் 31 வரை தாமதத் தாக்கலுக்கு இடமிருந்தது. கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000. பாக்கி வரிக்கு மாதம் ஒரு சதவீத வட்டி தனி. பழைய வரி முறையைக் கேட்க முடியாது, பங்கு நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. தவறாகப் போட்டதைத் திருத்தித் தாக்கல் செய்யவும் அதே டிசம்பர் 31 வரை அவகாசம் இருந்தது. திருத்தத்துக்குக் கட்டணம் இல்லை.

அதுவும் தாண்டிவிட்டால் ஐடிஆர்-யு என்னும் புதுப்பிக்கப்பட்ட தாக்கல் உண்டு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் வரை செய்யலாம். ஆனால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில், முதல் ஆண்டில் 25 சதவீதம் தொடங்கி நான்காம் ஆண்டில் 70 சதவீதம் வரை கூடுதல் வரி கட்ட வேண்டும். ரீஃபண்ட் கேட்கவோ வரியைக் குறைக்கவோ இதைப் பயன்படுத்த முடியாது.

21. 143(1) என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. கேஸ் போட்டுவிட்டார்களா?

இல்லை. செயலாக்கம் முடிந்தது என்னும் அறிவிப்பு அது; எல்லோருக்கும் வரும். ஏஐஎஸ்ஸுக்குச் சொன்ன அதே கடவுச்சொல்லால் திறந்தால், நீங்கள் காட்டியது ஒரு பத்தியிலும் துறை கணக்கிட்டது அடுத்த பத்தியிலுமாக இருக்கும். இரண்டும் ஒத்திருந்தால் கோப்பில் வைத்துவிடலாம். வேறுபட்டால் எந்த இடத்தில் வேறுபாடு என்று பார்த்து, துறை சொல்வது சரியானால் கட்டுங்கள். உங்கள் கணக்கு சரியானால் திருத்தக் கோரிக்கை வையுங்கள். ஐயமிருந்தால் 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். இதே தோற்றத்தில் போலி மெயில்களும் வருவதால், மெயிலில் உள்ள சுட்டியை அழுத்தாமல், இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் என்று நீங்களே அடித்து உள்ளே சென்று பாருங்கள்.

22. புதுச் சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். இதெல்லாம் மாறிவிடுமா?

1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அன்று தொடங்கும் ஆண்டிலிருந்து ‘வரி ஆண்டு’ என்னும் ஒரே சொல்தான். மூன்றாம் கேள்வியை எவரும் கேட்க வேண்டியிராது. பிரிவு எண்களும் மாறும். ஆனால் 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்துக்குப் பழைய சட்டமும் மதிப்பீட்டு ஆண்டுமே பொருந்தும்.

23. அப்பா ஜனவரியில் தவறிவிட்டார். அவருக்கு வர வேண்டிய ரீஃபண்டை எப்படிக் கேட்பது?

ஏப்ரல் 1 முதல் அவர் மறைந்த நாள் வரையிலான வருமானத்துக்கு வாரிசு தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பிந்தைய வட்டியும் வாடகையும் வாரிசுகளின் வருமானம். அவருடைய கடவுச்சொல் தெரிந்திருந்தாலும், அவர் பெயரில் நுழைந்து அவரே செய்தது போலச் செய்யக் கூடாது. உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, அவருடைய சட்டபூர்வ வாரிசாகப் பதியும் கோரிக்கையை அனுப்ப வேண்டும். இறப்புச் சான்றிதழ், அவருடைய பான் நகல், தாசில்தார் வழங்கிய வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை இணைத்தால் துறை பரிசீலித்து ஒப்புதல் தரும். அதன் பிறகே அவர் பெயரிலான தாக்கல் உங்களுக்குத் திறக்கும்.

வாரிசுச் சான்றிதழ் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், அதற்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அவருடைய வங்கிக் கணக்கை மூடும் அவசரத்தில் இருந்தால், ஆண்டு வட்டிச் சான்றையும் கணக்கு அறிக்கையையும் வாங்கிக்கொண்டு மூடுங்கள். மூடிய பிறகு அவற்றைப் பெற நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.